நாலு மணிக்குள் திரும்ப வேண்டிய பயணம்

(விருதுநகர் மாவட்ட ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களப்பயணம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதிலும் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் 'செவ்வியல் உலகம்' பாடம் உங்களில் பலருக்குத் தெரியும். கிரேக்கம், ரோம் என்று ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டே பல வருடம் ஓட்டினேன். என் அக்கா மகன் சுற்றுலாக் கப்பல் ஒன்றில் சமையல் பிரிவில் வேலை பார்க்கிறான். ஒருமுறை கப்பல் கிரேக்க நாட்டில் கட்டகோலோன் என்ற சின்னத் துறைமுகத்தில் நின்றிருக்கிறது. அவனுக்கு அரை நாள் ஓய்வு. நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் பிடித்து ஒலிம்பியா போயிருக்கிறார்கள். கி.மு. 776 முதல் விளையாட்டுப் போட்டி நடந்ததாகச் சொல்லப்படும் இடம். சியுஸ் கோவிலின் தூண்கள் நிலநடுக்கத்தில் சாய்ந்து, வெட்டிப் போட்ட வாழைத்தண்டு மாதிரி வட்டம் வட்டமாகக் கிடக்கின்றனவாம். பழைய ஓட்டப் பந்தயத் திடல் இன்றும் இருக்கிறது. இவனும் அதில் ஓடிப் பார்த்திருக்கிறான். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும் என்பதால் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டுக் கேட்டான்: "மாமா, நம்ம வெம்பக்கோட்டையிலயும் தோண்டுறாங்களாமே, போய்ப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. சிவகாசியிலிருந்து அதிகத் தூரமும் இல்லை.

தொல்லியல் துறை அங்கே 2022-இல் முதல் கட்ட அகழாய்வைத் தொடங்கியது. 2023-இல் இரண்டாம் கட்டம், 2024-இல் மூன்றாம் கட்டம். இரண்டாம் கட்டம் நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் போனோம். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம் எல்லாம் வாங்கியாயிற்று. வண்டிதான் கிடைக்கவில்லை. கடைசியில், பட்டாசு ஆபீஸுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஒன்று கிடைத்தது. காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மாலை நாலு மணிக்கு மறுபடியும் வாசலில் நிற்க வேண்டும். நடுவில் சும்மா நிற்கிற வண்டி. "நாலுன்னா நாலு சார். நான் வரலேன்னா அம்பது பேரு ரோட்டுல நிப்பாங்க" என்றார் வேன் அண்ணன். மருமகனின் கப்பல் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை, 18 பிள்ளைகள். பாதிப் பேரின் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள்.

விஜயகரிசல்குளத்தில் வைப்பாற்றை ஒட்டிய மேடு அது. சதுரம் சதுரமாகக் குழிகள். நேராகச் சீவிய பக்கச் சுவர்களில் மண்ணடுக்குகள் நிறம் மாறி மாறித் தெரிகின்றன. கீழே போகப் போகக் காலமும் பின்னால் போகிறது என்று அங்கிருந்த பணியாளர் விளக்கினார். அந்த ஒரு வரியை வகுப்பறையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பிள்ளைகளுக்கு அன்றுதான் விளங்கியது. சங்கு வளையல் துண்டுகள், சுடுமண் பொம்மைகள், பாசிமணிகள், நுண்கற்கருவிகள் என்று பார்த்துக்கொண்டே வந்தோம். சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் வளையல் அறுக்கும் தொழில் இங்கே நடந்திருக்கும் என்கிறார்கள். வைப்பாறு போய்ச் சேர்வது மன்னார் வளைகுடாவில். சங்கு அங்கே விளைகிற பொருள்.

அந்தக் கடலைப் பற்றிக் கிரேக்க மொழியிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளஸ்' என்ற வணிகக் கையேடு, பாண்டியர் ஆட்சியில் கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப சங்கு அறுத்தவங்க யாரு சார்? அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போகாதா?" அவள் அம்மா மருந்துக் கலவைப் பக்கம் வேலை பார்ப்பவர். எனக்குப் பதில் தெரியவில்லை. பணியாளரும் சிரித்துக்கொண்டே, "அதை எந்தக் குழியும் சொல்லாதும்மா" என்றார்.

மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டோம். கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு பையன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துப் பக்கத்தில் இருப்பவனிடம் காட்டினான். பானை ஓடு. ஓரம் தேய்த்து வட்டமாக்கிய சில்லு. எதையும் தொடக்கூடாது, எடுத்தால் அது எந்த அடுக்கில் இருந்தது என்பதே போய்விடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். கோபத்தில் எல்லார் முன்னாலும் "திருட்டுப்பயலே" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே தப்பு என்று தெரிந்தது. பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேன் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். ஓட்டை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். "நான் சின்னப் பிள்ளைல இந்தப் பக்கந்தான் ஆடு மேய்ச்சேன் சார். இது மாதிரி சில்லு வச்சுத்தான் பாண்டி ஆடுவோம். மழை பேஞ்சா தானா மேல வரும். எத்தனையத் தூக்கிப் போட்டிருப்பேன், யாரும் என்னைத் திருடன்னு சொல்லல" என்றார். பிறகு பையனிடம், "எங்க எடுத்த, காட்டுவியா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"அண்ணே, மணி ஆகுது" என்றேன்.

"ஆகட்டும் சார்."

பையன் எடுத்த இடத்தைச் சரியாகவே காட்டினான். குழிக்குள் இல்லை, மேட்டின் சரிவில், மேல் மண்ணில் கிடந்தது. பணியாளர் கடிந்துகொள்ளவில்லை. மேற்பரப்பில் கிடைத்தது என்று சீட்டு எழுதி ஓட்டோடு வைத்தார். இடத்தை எழுதச் சொல்லிப் பேனாவைப் பையனிடமே கொடுத்தார். வட்டச்சில்லு என்பதுதான் துறையிலும் அதற்குப் பெயராம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பிள்ளைகளும் ஆடியிருப்பார்கள் என்றார். பெண்பிள்ளைகள் உடனே பாண்டிக் கட்டம் எத்தனை என்று சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பட்டாசு ஆபீஸ் வாசலுக்கு வேன் இருபது நிமிடம் தாமதமாகப் போயிருக்கிறது. அண்ணன் ஏச்சு வாங்கியதை மறுநாள்தான் கேள்விப்பட்டேன். வாடகைக்கு மேலே கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில், எல்லார் முன்னால் சொன்னதை எல்லார் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. செவ்வியல் உலகம் பாடத்துக்கு வந்தபோது, ஒலிம்பியாவில் விழுந்த தூணை ஏன் அப்படியே போட்டிருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். கை தூக்கினான். "கிடக்கிற இடந்தான் சார் அதோட சீட்டு" என்றான்.

பயணம் போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே தொல்லியல் துறையிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். அந்த மேட்டில் நிழல் கிடையாது. வேன் அண்ணனிடமும் கேட்டுப் பார்த்தேன். "பிள்ளைங்களுக்குன்னா வாரேன் சார். சனிக்கிழமை மட்டும் சொல்லாதீங்க, ஞாயித்துக்கிழமை வச்சுக்கிருவோம்" என்றிருக்கிறார்.