மின்சார விலை தலையெழுத்தல்ல, மனிதன் எழுதிய கணக்கு

(புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பேசியது)



மின்சாரக் கட்டணத்தைப்பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவனல்ல. சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால், என் வீட்டு மின் கணக்கை நானே கூட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டவன். அந்த ஒரு யோக்கியதையை வைத்துக்கொண்டே பேசுகிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

கட்டணம் ஏன் ஏறிற்று என்று கேட்டால், "மார்க்கெட் நிலவரம் அப்படி" என்கிறார்கள். முன்பு எதற்கெடுத்தாலும் "தலையெழுத்து" என்றார்கள். தலையெழுத்தை எழுதியவனை யாரும் பார்த்ததில்லை. மார்க்கெட்டின் விதியை எழுதியவர்களுக்கோ ஆபீசு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. ஆகவே அவர்களைக் கேள்வி கேட்கலாம். இதுதான் நான் சொல்ல வந்தது.

இந்தக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் பூ விலை ஏறுகிறது. மற்ற நாளில் விழுகிறது. மின்சாரத்துக்கும் 2008 முதல் இந்தியாவில் ஒரு சந்தை நடக்கிறது. ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிஷமாக 96 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் விற்பவரும் வாங்குபவரும் முதல் நாளே விலை எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்து விலையே எல்லோருக்கும் விலை. மலிவாக உற்பத்தி செய்தவருக்கும் அதே விலைதான். பூவையாவது ஈரத்துணியில் சுற்றி ஒரு பொழுது வைக்கலாம். மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதற்கோ தனிச் செலவு பிடிக்கும். ஆகையால்தான் வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் மலிவாகவும், பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்குப் போடும்போது கிராக்கியாகவும் இருக்கிறது.

2022 மார்ச்சில் அந்தச் சந்தையில் ஒரு யூனிட் 20 ரூபாய் வரையில் போயிற்று. உடனே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று ஏப்ரலில் உத்தரவு போட்டது. 2023-ல் அதை 10 ரூபாயாக்கிற்று. உத்தரவு போட்டதனால் நிலக்கரி பெருகிவிடாது என்பது உண்மையே. ஆனாலும், "யாராலும் கட்டமுடியாத மார்க்கெட்" என்றார்களே, அதை ஒரு காகிதம் கட்டிற்றா இல்லையா?

சரி, நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவு செய்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் செலவு செய்த வீட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அந்த யூனிட்டில் மட்டும் தங்கமா ஓடிற்று? 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையில் ஒரு பகுதி போய்விடும் என்று எழுதி வைத்ததுதான் காரணம்.

இன்னொன்று கேளுங்கள். ஒரு கட்டடத்தில் இரண்டு குடித்தனம். ஆளுக்கு 250 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தால் அதே கட்டண முறையில் ஆளுக்கு 450 ரூபாய், ஆக 900 ரூபாய். ஒரே மீட்டரானால் 1,725 ரூபாய். வெளிச்சம் ஒன்றுதான், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதற்குமேல் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று குடியிருப்பவரிடம் வசூலித்தால், 450 ரூபாய் கட்டவேண்டியவர் 2,000 ரூபாய் கட்டுகிறார். 2016-ல் எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம் என்று வந்தது. சொந்த வீட்டுக்காரருக்குக் கிடைத்த அந்தச் சலுகை, வீடில்லாதவருக்கு வாசலோடு நின்றுவிட்டது. அதிகமாகத் தேவைப்படுகிறவர் யார்? கிடைத்தது யாருக்கு?

குடியானவர்களைப்பற்றியும் சொல்லவேண்டும். 1970-களில் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் குடியானவர்கள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிரும் கொடுத்தார்கள். 1990-ல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. அது யாரும் போட்ட பிச்சையல்ல. அதைப் பிடுங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கணக்கைப் பார்க்காமலிருக்க முடியுமா? இந்த வட்டாரத்தில் ஆயிரம் அடி தாண்டியும் போர் போடுகிறார்கள். ஆழம் கூடக்கூட, போர் போடப் பணமுள்ளவருக்கே தண்ணீர். பக்கத்துச் சிறு குடியானவரின் கிணறு வறண்டு போகிறது. மோட்டாரே இல்லாத கூலிக்காரருக்கு அந்த இலவசத்தில் ஒரு யூனிட்டும் கிடையாது. இலவசம் என்றால் யாரும் கொடுக்கவில்லை என்று அர்த்தமல்ல. வேறொருவர் கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம்.

கடைசியாக, கணக்கிலேயே சேராத செலவு ஒன்றிருக்கிறது. அனல் மின் நிலையத்துப் புகையின் செலவு எந்தச் சீட்டிலும் இல்லை. ஆலைகளின் புகையைக் குறைப்பதற்காக 2023-ல் இந்திய சர்க்கார் கார்பன் வியாபாரத்திட்டம் கொண்டுவந்தது. விதித்த அளவுக்கும் கீழே புகையைக் குறைத்த ஆலைக்கு, டன்னுக்கு ஒன்று வீதம் சான்றிதழ். குறைக்காத ஆலை அதை விலைக்கு வாங்கவேண்டும். அளவைக் கண்டிப்பாக வைத்து, யோக்கியமாக அளந்தால் இது நல்ல ஏற்பாடு. அளவைத் தளர்த்திவிட்டால், பாவத்தைச் செய்துவிட்டு உண்டியலில் காசு போடுகிற பிராயச்சித்தந்தான். எது நடக்கும் என்பது, கேட்பாருண்டா என்பதைப் பொறுத்தது.

தோழர்களே! 2022 ஆகஸ்டில் கட்டணத்தை உயர்த்துமுன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் பொதுஜனங்களின் அபிப்பிராயம் கேட்டது. நம்மில் எத்தனை பேர் போனோம்? எத்தனை பேர் ஒரு காகிதமாவது எழுதிப் போட்டோம்? கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். நம் பணப்பைக்கு விலை பேசுகிற இடத்துக்குப் போவதில்லை.

அடுத்த தடவை போவோம். அதற்கு முன்னால், அவரவர் மின் கணக்கை அவரவர் வீட்டுப் பெண்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து ஒரு முறை கூட்டிப் பாருங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் தனி மீட்டர் கேளுங்கள். மனிதன் எழுதிய கணக்கை மனிதன் திருத்தலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.