இருபது வயதில் நின்றுபோன புகழ்



ருமேனிய இசைமேதை ஜோர்ஜ் எனெஸ்குவின் பெயரைக் கேட்டதும் மேலை இசையன்பர் பலருக்கும் நினைவில் எழுவது அவரது முதலாவது ருமேனிய ராப்சோடிதான். 1901இல், இருபது வயதளவில் ஆக்கியது. கையிலுள்ள ஒரே நாணயத்தையும் குடித்துத் தீர்க்க விரும்பும் ஒருவனின் நாட்டுப்பாடலில் தொடங்கி நடனமாய்ச் சுழல்வது. கேட்டால் கால் தானே தாளம் போடும், மறுப்பதற்கில்லை. ஆனால் 1955இல் பாரிஸில் மறைந்த ஒரு கலைஞரை இருபது வயதிலேயே நிறுத்தி வைத்துவிட்டோமே!

1903இல் நிறைவுற்ற முதலாவது இசைக்கோவையைப் பாருங்கள். ஐரோப்பிய வாத்தியக் குழுவின் பெருமையே பல குரல்களின் பின்னல். எனெஸ்குவோ அப்பெருமையைத் துறந்து, தந்தி வாத்தியங்களை ஒரே மெட்டை ஒருமித்து இசைக்க விடுகிறார். ஏறத்தாழ ஏழு நிமிடம் ஒரே கோடு. அது வளைகிறது, தயங்குகிறது, ஏறுகிறது. பின்னர் முரசின் அதிர்வு வந்து சேர்கிறது. ஒற்றை மெட்டிலே இசையைத் தேடிப் பழகிய நம் காதுக்கு இது அந்நியமாகாது. இக்கோவையை 1911இல் குஸ்தாவ் மாலர் நியூயோர்க்கில் நடத்தினார்.

1938இல் எழுதிய மூன்றாவது கோவை கிராமத்தைப் பற்றியது. நடனம் அதிலும் உண்டு. எனினும் நெஞ்சில் நிற்பது அந்திவேளையில் பிள்ளைப்பருவ வீடு, இடையன், காகங்கள், மாலை மணியோசை.

ராப்சோடியை விரும்பியவர்கள் அடுத்து அந்த ஏழு நிமிட முன்னிசையைக் கேளுங்கள். ஒரு தடவை போதாது. முதற் தடவை எனக்கு அது வெறுமையாகவே பட்டது.