ராஜா மகளும் சொத்துரிமையும்

(தருமபுரி ஜில்லாவில் செய்த சொற்பொழிவு)



பெண்களின் சொத்துரிமையைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். ஏழை வீட்டுப் பெண்தான் கஷ்டப்படுகிறாள், ராஜாவுக்கு மகளாய்ப் பிறந்தவளுக்கு என்ன குறை என்று பலர் நினைக்கிறார்கள். ஆகவே அப்படிப் பிறந்த இருவருடைய சங்கதியையே எடுத்துக் கொள்ளுகிறோம்.

முதலாவது, வெள்ளைக்காரர் தேசம். 1620-ல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது டென்மார்க்கை ஆண்டவர் நாலாம் கிறிஸ்டியன் ராஜா. அவர் மகள் லியோனோரா கிறிஸ்டினா. இவள் புருஷன் மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டினார்கள். அவன் தப்பி ஓடிவிட்டான். உடனே பெண்ஜாதியைப் பிடித்து, 1663 முதல் 1685 வரையில் கோபன்ஹேகன் அரண்மனைக் கோபுரத்தில் அடைத்துவிட்டார்கள். எந்தக் கோர்ட்டும் அவளைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. அடைக்கும்போது ஆண்ட ராஜாவோ, அவள் தகப்பனுக்கே பிறந்த மூன்றாம் பிரெடரிக்! ராஜ ரத்தம் என்ற பெருமை அவளுக்கு ஒரு கதவையாவது திறந்துவிட்டதா?

இரண்டாவது, நம் சிவகங்கை. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனியார், ஜமீனைக் கௌரி வல்லபத் தேவருக்குக் கொடுத்தார்கள். ஜனங்கள் அவரை ராஜா என்றே அழைத்தார்கள். 1829-ல் அவர் ஆண் சந்ததியில்லாமல் இறந்தார். மனைவியரும் பெண் மக்களும் உயிரோடிருக்க, ஜமீன் அண்ணன் மகன் கைக்குப் போய்விட்டது. விதவையான அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். அவருக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் வழக்காடினார். லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய், 1863-ல் ஜெயித்தார். தகப்பன் இறந்து 34 வருஷம்!

ஜெயித்த காரணத்தைக் கவனியுங்கள். மகள் என்பதற்காக மட்டும் கொடுக்கவில்லை. ஜமீன் தகப்பனுடைய சுயார்ஜிதம், குடும்பப் பொதுச் சொத்து அல்ல, மகனும் இல்லை, ஆகவே மகளுக்கு என்றார்கள். ஒரு தம்பி பிறந்திருந்தால் அம்மையாருக்கு ஒரு குழி நிலமும் இல்லை! ஆண் பிள்ளைக்கு மட்டும் பிறக்கும்போதே பாத்தியதை உண்டு என்றது மிதாட்சரம். கடவுள் எல்லோருக்கும் தகப்பன் என்கிறவர்களே, அந்தத் தகப்பன் பெண்ணுக்கு மாத்திரம் ஏன் பங்கு வைக்கவில்லை? எழுதியவன் ஆண் என்பதல்லாமல் வேறு என்ன காரணம்?

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்கும் சமபங்கு என்று தீர்மானம் செய்தபோது குடும்பமே அழியும் என்று கூச்சலிட்டார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்போதும் அதற்கு முன் கலியாணமான பெண்களுக்கு இல்லை. 2005-ல் மத்திய சட்டமாகவே ஆயிற்று. 2020-ல் சுப்ரீம் கோர்ட், மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை என்று உறுதி செய்தது. குடும்பம் அழிந்துவிட்டதா?

ஆனால் தோழர்களே, சட்டம் காகிதத்தில் இருக்கிறது. சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸில் நடப்பதென்ன? "அண்ணன் உறவு வேண்டுமா, நிலம் வேண்டுமா?" என்று கேட்டு, விடுதலைப் பத்திரத்தில் தங்கையின் கைநாட்டை வாங்குகிறார்கள். பங்கைக் கொடுத்தால் அறுந்துபோகும் உறவு என்ன உறவு? அது வாடகைக்கு வாங்கின உறவல்லவா?

பெண் என்றால் செலவு, ஆண் என்றால் வரவு என்ற இந்தக் கணக்குத்தான் பெண் சிசுவைக் கொல்லவும் செய்தது. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் நம் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியதாயிற்று. வெட்கப்பட வேண்டாமா? தொட்டில் வைத்தால் மட்டும் போதாது; பெண்ணுக்குப் பங்கும் வைக்க வேண்டும்.

ஆகவே, இங்குள்ள அண்ணன் தம்பிமார்கள் தங்கள் சகோதரிகள் கேட்கும் முன்பே பங்கை எழுதிக் கொடுங்கள். தாய்மார்களே, படித்துப் பார்க்காத எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள். காத்தம நாச்சியாரால் லண்டன் வரையில் வழக்காட முடிந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு நம்முடைய யோக்கியதையே கோர்ட்டாக இருக்க வேண்டும் என்று சொல்லி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.