பழைய சின்னமும் புதிய கேள்வியும்

(தோட்ட இளைஞர் கழகக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேர்தல் வந்தால் நமது லயங்களில் ஒரு சண்டையும் கூடவே வருகிறது. "தலைவர் சொன்ன சின்னத்துக்குத்தான் போடணும்" என்பார் தகப்பனார். "அவங்க நமக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்பான் மகன். ஒரே காம்பராவில் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் படுப்பார்கள். எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அது எங்கள் வேலையும் அல்ல. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தோம்.

முதலில் பெரியவர்கள் பக்கம். 1947 தேர்தலில் நம் சனங்கள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருசமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையையும் பறித்தார்கள். 1977இல்தான் திரு. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் வென்றார். நாடற்றவர் என்ற பெயர் தீர 1988, 2003 சட்டங்கள் வரை காத்திருந்தோம். அந்தக் காலமெல்லாம் நம்மைச் சேர்த்து வைத்தது சங்கம். அதனால்தான் "பிரிஞ்சு போயிடாதீங்க" என்கிறார் தாத்தா. அது பயந்தவர் பேச்சு இல்லை, பட்டவர் பேச்சு.

இனிப் பிள்ளைகள் பக்கம். சந்தா கொடுக்கிறவர் கணக்குக் கேட்பது துரோகம் இல்லை. தொரையை எதிர்த்துப் பேசக்கூடாது என்பதுதான் ஒரு காலத்தில் வழமை. அந்த வழமையை மீறித்தான் சங்கமே உண்டானது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் உயிர் விட்டார். அன்று கேட்டவர்களும் இளைஞர்கள் மாதிரித்தான் பேசினார்கள். ஆகவே கேள்வி கேட்பதும் நம் பரம்பரைச் சொத்துதான்.

அப்படியானால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? வாக்குச்சீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தலில் 1989 முதல் விருப்பு வாக்கு உண்டு. சின்னத்துக்குப் புள்ளடி போட்டபின், அந்தக் கட்சிப் பட்டியலில் மூன்று பேர் வரை அவர்களுடைய இலக்கத்துக்குப் புள்ளடி போடலாம். அப்பாவின் சின்னத்தை விடாமலே, அதில் உழைக்கிற ஆள் யார் என்று மகன் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம். இல்லை, வேறு சின்னம்தான் சரி என்று மனசுக்குப் பட்டால் அதற்குப் போடவும் உரிமை உண்டு. வாக்கு இரகசியமானது. தலைவரும் பார்க்க முடியாது, புருசனும் பார்க்க முடியாது. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுக்கிற தாய்மார்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். புதுசு என்பதற்காகவே யாரும் நல்லவர் ஆகிவிட மாட்டார். சம்பளம், காணி உறுதி, பள்ளிக்கூடம் என்று மூன்று கேள்வியை எழுதி வையுங்கள். பழைய தலைவர் வந்தாலும் புது ஆள் வந்தாலும் அதே மூன்றையும் கேளுங்கள். கேட்கும்போது தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் முன்பு என்ன சொன்னார் என்பது அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். சாராயப் போத்தலைப் பதிலாக நீட்டுகிறவரை இரண்டு பேரும் சேர்ந்தே திருப்பி அனுப்புங்கள்.

கவ்வாத்து வெட்டினால்தான் தேயிலை புதுக்கொழுந்து விடும். அதற்காக வேரைத் தோண்டுகிறவர் யாரும் இல்லை. இது நமக்குத் தெரிந்த வேலைதானே.