வேஷம் கலைந்த மறுநாள்

பாலின, பாலியல் சிறுபான்மையினரைப் பற்றிய இலக்கியத்தையும் சினிமாவையும் பேசக் குலசேகரன்பட்டினம் என்ற குலசையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. தசரா வந்துவிட்டால், முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஆண்கள் சேலை கட்டி, சவுரி வைத்து, காளியாகவும் குறத்தியாகவும் கடை கடையாகக் காணிக்கை கேட்டு வருகிறார்கள். அம்மனுக்குச் சேரட்டும் என்று காசு போட்டுக் கும்பிடுகிறோம். சூரசம்ஹாரம் முடிந்து, காப்பும் களைந்தாகிவிட்டது. மறுநாளும் ஒருவர் அதே சேலையில் நின்றால் நம் பார்வை எப்படி மாறுகிறது? நாம் மதித்தது நேர்த்திக்கடனை, அதில் தப்பில்லை. அதையே திருநங்கையருக்குக் கொடுத்த மதிப்பாகக் கணக்கு எழுதிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

திருநங்கை எழுத்தாளர் ரேவதியின் தன்வரலாறு ‘வெள்ளை மொழி’ (2011) இதற்குச் சாட்சி. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் ஆண் பிள்ளையாக வளர்க்கப்பட்டவர் அவர். மாரியம்மன் பண்டிகையில் குறத்தி வேஷம் கட்டி ஆடினார், ஊர் ரசித்தது. ஊருக்குத்தான் அது வேஷம். அதைக் கலைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்ட ஆண் உடைதான் அவருக்கு வேஷமாகப் பட்டது. பிற்பாடு அண்ணன் கையால் வாங்கிய அடியையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நம் திப்பணம்பட்டிக்காரர் சு. சமுத்திரம், 1994-லேயே திருநங்கையரைப் பற்றி ‘வாடாமல்லி’ எழுதியவர். துணிச்சலான நாவல்தான், ஆனாலும் பரிவோடு வெளியே நின்று பார்த்த எழுத்து. திருநங்கையரான லிவிங் ஸ்மைல் வித்யாவும் ரேவதியும் எழுத வந்தபோதுதான் கதைக்குள் இருந்தவர்களின் கைக்கே பேனா போனது.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்பார்கள். ஆனால் பேடியைச் சொல்லால் எப்படிச் சுட்டுவது என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடலில் பேடியாடலும் ஒன்று. உண்மையில் கப்பலேறி வந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. வயதுவந்தவர்கள் மனமொத்துக் கூடுவதை அது தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 ஆகிவிட்டது.

நடிகன் யாராகவும் நடிக்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. நடிக்கலாம். ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) ஷில்பாவாக விஜய் சேதுபதி நடித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ‘அப்பு’வில் வில்லனாகவும் ‘ஐ’யில் கேலிப்பொருளாகவும் வந்த திருநங்கைப் பாத்திரத்துக்கு ‘சூப்பர் டீலக்ஸ்’ ஒரு வீட்டையும், தான் விட்டுப்போன மனைவியையும், அப்பாவுக்காகக் காத்திருக்கும் மகனையும் கொடுத்தது. ஆனால் ஆண் நடிகர் சேலை கட்டினால் தேசிய விருது, திருநங்கை நடிக்க வந்தால் வாசலோடு சரி என்றிருந்தால், அங்கே கலைச் சுதந்திரம் பேசுவது வீண். ‘பேரன்பு’வில் திருநங்கையான அஞ்சலி அமீரை இயக்குநர் ராம் நடிக்கவைத்தார், படம் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

தன்பாலினத்தார் காதலில் நம் எழுத்து இன்னும் கூச்சப்படுகிறது. அதற்குத் தனிக்கூட்டம் வேண்டும். இன்று பக்கத்து ஊர்ச் சங்கதி ஒன்று போதும். 2018-இல் தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணும் திருநங்கையும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பதிவு செய்தே தீர வேண்டும் என்றது. தீர்ப்போடு நீதிமன்றத்தின் வேலை முடிந்தது. அப்புறம் வாடகை வீடு தேடுவது, ரேஷன் அட்டையில் பேர் சேர்ப்பது, மாமியார் முதல் தீபாவளிக்குக் கூப்பிடுவாரா என்று காத்திருப்பது, இதெல்லாம் நாவலாசிரியரின் வேலை. தென்மாவட்டத்து எழுத்தாளர் ஒருவர் அதை இனி எடுத்துச் செய்யட்டும்.