மாடித்தளத்தில் பசுமை



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இத்திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை நடைபெற்று வந்ததை வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு கூறுகின்றது. பொதுக் கட்டடம் அதனுள் இருப்போரின் நலத்துக்கே என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அந்த எண்ணத்துடனேயே மாடித் தோட்டத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

கூரைமேல் பசுமை நமக்குப் புதிதன்று. ஓலைக் கூரையின்மீது சுரையும் பூசணியும் படரவிட்டுக் காய் பறித்தவர்கள் நாம். நார்வே நாட்டு உழவர்கள் மரக்கூரையின்மேல் மரப்பட்டைகளை அடுக்கி, அதன்மேல் புற்கரணைகளைப் பரப்பிக் குளிரைத் தடுத்தனர். நமக்கோ வெயிலைத் தடுக்கவேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவிலும் அனலை உள்ளே இறக்குகின்றது. செடிகள் தளத்துக்கு நிழல் தருகின்றன; அவற்றின் இலைகள் வெளிவிடும் நீராவி சூட்டைத் தணிக்கின்றது. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கியது. கிராமங்களும் இதனால் பயன் பெறலாம்.

ஆயினும், "கட்டடத்தில் செடி முளைத்தால் கேடு" என்று பெரியவர்கள் அஞ்சுவது வீண் அச்சமன்று. பறவையின் எச்சத்தில் விழுந்த அரச விதை, கோபுரத்தையே பிளந்துவிடுகின்றது. ஆகவே, ஆயத்தமின்றித் தளத்தின்மீது மண்ணைக் கொட்டலாகாது.

பாரத்தைக் கணக்கிடுவோம். நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பிய மண் மழையில் நனைந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ ஆகும். ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதிகள் கொள்ளும் நடமாட்டப் பாரமோ ஏறக்குறைய 150 கிலோதான். அங்கன்வாடித் தளத்தின் அடியில் குழந்தைகள் அமர்ந்திருக்கின்றனர் என்பதை மறவாதீர்கள்.

எனவே, முதலில் பொறியாளரைக் கொண்டு தளத்தைச் சோதியுங்கள். விரிசலும் கசிவும் உள்ள தளத்தைப் பழுதுபார்த்த பின்னரே தோட்டத்தைத் தொடங்குங்கள். மண்ணைக் குறைத்து, தென்னை நார்க்கழிவையும் மட்கிய எருவையும் கலந்து பைகளில் நிரப்புங்கள். பைகளைத் தளத்தின் நடுவே குவிக்காமல், சுவர்களின் ஓரமாக, செங்கற்களின்மேல் வையுங்கள். நீர் தேங்காமல் வடிகுழாய்க்கு ஓடவேண்டும். தேங்கினால் கொசு பெருகும், தளமும் கெடும். கீரை, கத்தரி, தக்காளி, துளசி ஆகியவை ஏற்றவை. முருங்கை போன்ற மரவகைகள் வேண்டா. ஓட்டுக்கூரைக்கும் சிமெண்டுத் தகட்டுக் கூரைக்கும் மண்பாரம் ஆகாது. தரையில் கொடியை நட்டுப் பந்தலில் ஏற்றினால் போதும்.

பாலாறு ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடப்பதை நாம் காண்கின்றோம். கோடையில் நாள்தோறும் ஊற்றக் கிடைக்கும் தண்ணீரின் அளவுக்கே பைகளை வையுங்கள். நீரூற்றும் பொறுப்பையும் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படையுங்கள்.

ஊராட்சிக்கு ஒரு கட்டடத்தில், பத்துப் பைகளுடன் தொடங்குவோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்தபின் பெருக்குவோம்.