பழைய இரும்பும் பற்றரியும்: லயத்து வாசலுக்கு வரும் வியாபாரம் பற்றி

(கிளைத் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பேசாமல் இரும்பைப் பேச வந்துவிட்டார்களே என்று யாரும் கோபிக்க வேண்டாம். சம்பள விடயம் அடுத்து வருகிறது. அதற்கு முன் இதைக் கொஞ்சம் கேளுங்கள். லயங்களுக்குப் பழைய இரும்பு வாங்க வருகிறவர்கள் இப்போது அதிகம். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் சிலர் கம்பியும் தகரமும் பொறுக்கப் போகிறார்கள். வீட்டுப் பின்புறத்தில் வயர் எரிக்கிறார்கள். ஓரிடத்தில் பழைய பற்றரியை உடைத்து அடுப்பில் ஈயம் உருக்கியதும் நமது காதுக்கு வந்தது. இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உலோகம் நமக்குப் புதிதல்ல. தலைக்கு மேல் கூரைத் தகரம், அடுப்பில் அலுமினியச் சட்டி, கையில் கவ்வாத்துக் கத்தி, மலையில் முள்ளும் அலவாங்கும். ஸ்டோருக்குள் போனால் எல்லாமே உலோகம். ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன, பழைய இரும்புக்காரரின் லொறியில் ஏறிய பிறகு எங்கே போகின்றன என்று நாம் கேட்பது குறைவு.

இரும்பு மண்ணுக்குள் இரும்பாகக் கிடப்பதில்லை. ஒட்சிசனோடு சேர்ந்து, ஏறக்குறைய துருவைப் போலத்தான் கிடக்கிறது. அந்தக் கல்லைக் கற்கரியோடும் சுண்ணாம்புக் கல்லோடும் ஊதுலையில் போட்டு எரித்தால், கரி ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும், இரும்பு உருகிக் கீழே வரும். நமது கூரை துருப்பிடிக்கும்போது இதே வேலை திரும்பி நடக்கிறது. இரும்பு பழையபடி கல்லாகப் பார்க்கிறது. அதைத் தடுக்கத்தான் தகரத்துக்கு மேல் நாகம் பூசுகிறார்கள். இரும்புக்குப் பதிலாக நாகம் முதலில் அரிபட்டுப் போகும். அது தீர்ந்த பிறகுதான் நமது கட்டிலுக்கு மேல் ஒழுகத் தொடங்கும்.

இந்த வித்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்காதீர்கள். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவப் பகுதியில், ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே மலைச்சரிவில் களிமண் உலைகள் கட்டி இரும்பு எடுத்திருக்கிறார்கள். துருத்தி ஊத ஆள் வைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஊதியது. ஆடி மாதத்தில் நமது தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறதே, அதே காற்று! கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அந்த உலைகளைத் தோண்டி ஆராய்ந்து, அதேபோல ஓர் உலையைக் கட்டி எரித்தும் பார்த்தார். நல்ல உருக்கும் கிடைத்தது. 1996இல் உலகமே அதைப் படித்தது. நமது பிள்ளைகளும் படிக்க வேண்டும்.

அலுமினியத்தின் கதை வேறு. அதன் ஒட்சிசனைக் கரியால் அப்படிப் பறிக்க முடியாது, மின்சாரம்தான் வேண்டும். அந்த வழியை 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1 கிலோ அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14 அலகு மின்சாரம் செலவாகிறது. அந்த 14 அலகில், 10 வோற்று பல்பு ஒன்றைத் தினமும் 5 மணித்தியாலம் என்று 9 மாதத்துக்கு மேல் எரிக்கலாம். ஆனால் பழைய சட்டியை உருக்கித் திரும்ப அலுமினியம் செய்ய அதில் இருபதில் ஒரு பங்கு சக்தி போதும். நசுங்கிய சட்டிக்கு வியாபாரி ஏன் ஓடி வருகிறார் என்று இப்போது விளங்குகிறதா? அவர் நமக்கு உபகாரம் செய்யவில்லை. நாம்தான் அவருக்குப் பெறுமதியான பொருளைக் கொடுக்கிறோம்.

செம்பு இதைவிட அருமை. இன்று தோண்டும் சுரங்கங்கள் பலவற்றில் 100 கிலோ கல்லை உடைத்தால் 1 கிலோ செம்புகூடத் தேறாது. உலகத்தில் அதிகம் செம்பு எடுக்கும் நாடு சிலி. அங்கே 2010 ஆகஸ்ட் மாதம் சுரங்கம் ஒன்று இடிந்து, 33 தொழிலாளர்கள் நிலத்துக்கு அடியில் ஏறக்குறைய 700 மீற்றர் ஆழத்தில் 69 நாட்கள் அகப்பட்டுக் கிடந்தார்கள். 33 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். நாம் பிடுங்கும் ஒரு முழம் வயருக்குப் பின்னால் அப்படிப்பட்ட மனிதர்களின் உழைப்பு இருக்கிறது. கொழுந்துக்குப் பின்னால் நாம் இருப்பதைப் போல.

அந்த வயரை எரிக்கும் விடயத்துக்கு வருவோம். எரித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் வயரின் மேலுள்ள பிளாஸ்டிக் எரியும் புகை நெஞ்சைக் கெடுக்கும், அதில் புற்றுநோய் தரும் நஞ்சும் உண்டு. இன்னொன்றையும் கேளுங்கள். எரித்த செம்பு கறுத்துப் போகும், கறுத்த செம்புக்கு விலை குறைவு. கத்தியால் உரித்த செம்புக்குத்தான் நல்ல விலை. ஆகவே நாம் நோயையும் வாங்கி, காசையும் விடுகிறோம்.

பற்றரி எல்லாவற்றிலும் ஆபத்தானது. த்ரீவீல், வான் பற்றரி ஒன்றின் பாரத்தில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும், அதற்கு ஊதுலை வேண்டாம், விறகடுப்பு போதும். ஆபத்தும் அங்கேதான். ஈயப் புகையும் தூசும் கண்ணுக்குத் தெரியாமல் நிலத்திலும் துணியிலும் படியும். தவழும் குழந்தை அதைத் தொட்டு வாயில் வைக்கும். பெரியவர்களின் உடம்பு உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடம்பு உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு இன்னும் மோசம். நமது லயங்களில் இரத்தச்சோகை எவ்வளவு என்பதை அக்காமாருக்குச் சொல்லத் தேவையில்லை. கர்ப்பிணியின் எலும்பில் தங்கிய ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இவ்வளவு ஈயம் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார அமைப்பு.

ஆபிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியரோய் என்றோர் இடம். ஏழைப் பெண்கள் பழைய பற்றரி உடைத்த மண்ணைச் சலித்து, ஈயம் பொறுக்கி விற்றார்கள். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அந்த ஊரில் 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். காய்ச்சலோ தொற்றுநோயோ அல்ல, ஈயம்! அந்தத் தாய்மார் பிள்ளைக்குச் சோறு போடத்தான் அந்த வேலையைச் செய்தார்கள்.

செத்தால்தான் பிரச்சினை என்றும் இல்லை. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும், படித்தது மனதில் நிற்காது, பொறுமை இருக்காது. ஆசிரியர்களாகிய நாங்களே அப்படிப்பட்ட பிள்ளையை “மந்தம்” என்று பின்வரிசையில் உட்கார வைத்துவிடக் கூடும்.

பற்றரியை மீளப் பயன்படுத்தக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. புகையை உறிஞ்சும் ஏற்பாடு உள்ள, அமிலத்தைச் சரியாக அகற்றும் தொழிற்சாலையில் அந்த ஈயம் முழுவதையும் ஏறக்குறைய திரும்ப எடுக்கலாம். அது அங்கே நடக்கட்டும், லயத்து அடுப்பில் வேண்டாம். பற்றரியை உடைக்காமல் முழுதாகக் கொடுங்கள். புதியது வாங்கும்போது பழையதை எடுத்து விலையில் கழிக்கும் கடைகள் இருக்கின்றன.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிவு என்று கிலோவை வெட்டினால் சண்டை போடுகிற நாம், பழைய இரும்புக்காரரின் தராசை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம்? காந்தம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்பு. செம்பு, பித்தளை, அலுமினியம் ஒட்டாது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாமல் வேறு வேறாக நிறுக்கச் சொல்லுங்கள்.

கூரை மாற்றும்போது கழற்றும் பழைய தகரம், ஸ்டோரில் கழித்துப் போட்ட சாமான் ஆகியவற்றில் கவனம். நாம் வருடக்கணக்காக ஒழுகலுக்குத் தாங்கிய தகரம்தான், இருந்தாலும் தோட்டத்துச் சொத்து என்று நிர்வாகம் சொன்னால் திருட்டு வழக்கில் வந்து முடியும். எழுத்தில் அனுமதி இல்லாமல் ஓர் ஆணியையும் விற்க வேண்டாம். அனுமதிக் கடிதம் கேட்கும் வேலையைக் கிளைத் தலைவர் செய்யட்டும். பழைய இயந்திரம் கழற்ற நமது ஆட்களை அனுப்பினால் கையுறை, சப்பாத்து, முகமூடி கொடுத்த பிறகுதான் வேலையில் இறங்க வேண்டும். நாகம் பூசிய தகரத்தைக் காஸ் வைத்து வெட்டுகிறவர்களுக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும், அந்தப் புகையால்தான்.

கிளைத் தலைவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் தோட்டத்தில் எத்தனை இடத்தில் பற்றரி உடைக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் பாடசாலை நேரத்தில் இரும்பு பொறுக்கப் போகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்தத் தாளை வைத்து பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் பேசுவோம். உருக்கிய இடத்தின் மண்ணில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதிக்கும்படி வைத்தியரிடம் கேட்போம்.

சரி, இப்போது சம்பளத்துக்கு வருவோம்.